சசி கபூர்

சசி கபூர் (மார்ச் 18, 1938 - டிசம்பர் 4, 2017) இந்தித் திரைப்பட நடிகரும் தயாரிப்பாளரும் ஆவார். கல்கத்தாவில் பிறந்த இவர் நடிகர் பிருத்விராஜ் கபூரின் இளைய மகன். நடிகர்கள் ராஜ் கபூர், சம்மி கபூர் ஆகியோர் இவருடைய அண்ணன்மார்.

திரைப்படங்கள்

தந்தை 1944 இல் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸ் நாடகக் குழுவில் சிறுவயதிலேயே நடிக்கத் தொடங்கினார். ராஜ் கபூர் இயக்கிய ஆவாரா (1951) படத்தில் குழந்தை நட்சத்திரமாகத் தோன்றினார். தர்மபுத்ரா (1961) படத்தில் கதாநாயகனானார். ஜப் ஜப் பூல் கிலே (1965) பெரும் வெற்றி பெற்றது. தீவார் (1975) படத்தில் அமிதாப் பச்சனின் தம்பியாக, காவல்துறை அதிகாரியாக நடித்தார். ஜேம்ஸ் ஐவரி இயக்கிய ஷேக்ஸ்பியர் வாலா (1965) முதலிய ஆங்கிலப் படங்களிலும் நடித்துள்ளார்.

நாடகமும் தயாரிப்பும்

1958 இல் ஆங்கிலேய நாடக நடிகை ஜெனிஃபர் கெண்டலை மணந்தார். நிலையான அரங்கம் இன்றி ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திவந்த தந்தையின் குழு 1960 இல் மூடப்பட்டது. அதன் நினைவாக இருவரும் 1978 இல் மும்பை ஜூஹூவில் பிருத்வி தியேட்டர் என்னும் அரங்கத்தை நிறுவினர். அங்கு இன்றும் நாடகங்கள் நடைபெறுகின்றன.

வணிகப் படங்களில் ஈட்டிய பணத்தைக் கொண்டு ஜுனூன் (1978), கல்யுக் (1981), 36 சௌரங்கி லேன் (1981), உத்சவ் (1984) ஆகிய மாற்றுத் திரைப்படங்களைத் தயாரித்தார். இவை விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றன. எனினும் உத்சவ் பெரும் பண இழப்பை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் ஜெனிஃபர் புற்றுநோயால் காலமானார்.

விருதுகள்

நியூ டெல்லி டைம்ஸ் படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். 2011 இல் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டுக்கான தாதாசாகெப் பால்கே விருதையும் பெற்றார். பிருத்விராஜ், ராஜ் கபூர் ஆகியோருக்குப் பின் இக்குடும்பத்தில் இவ்விருதைப் பெற்ற மூன்றாமவர் இவர்.