நெட்பிஎஸ்டி/ஸ்பார்க் கருனி உள்ளமைவு

நெட்பிஎஸ்டி/ஸ்பார்க் கருனி உள்ளமைவு என்பது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வெளியிட்ட 32-பிட் ஸ்பார்க் பணிநிலையங்களில் நெட்பிஎஸ்டி இயங்குதளத்தை இயக்கும்பொருட்டு, அதன் கருனியை அந்தந்தக் கணினியின் வன்பொருளுக்கு ஏற்றவாறு தெரிவுசெய்து தொகுக்கும் முறையாகும். எல்லாப் பொறிகளிலும் இயங்கக்கூடிய ஜெனரிக் என்னும் பொதுக் கருனி நெட்பிஎஸ்டியுடன் ஆயத்தமாகவே வழங்கப்படுகின்றது. எனினும் 20 மெகாஏர்ட்சு வேகமும் சில மெகாபைட்டு நினைவகமும் கொண்ட பொறிகளில், பொதுக் கருனிக்கும் பொறிக்கெனத் தொகுத்த கருனிக்கும் உள்ள வேறுபாடு பயன்பாட்டில் தெளிவாகவே தெரியும்.

பின்னணி

சன் நிறுவனத்தின் முதல் ஸ்பார்க் கணினியான சன்-4/260 1987 இல் வெளியானது. 1989 இல் வெளியான ஸ்பார்க்ஸ்டேஷன் 1, எஸ்பஸ் என்னும் புதிய பாட்டையை அறிமுகப்படுத்தியது. இதனைத் தொடர்ந்து ஐபிசி, ஐபிஎக்ஸ், ஸ்பார்க்ஸ்டேஷன் 2 ஆகியனவும், 1992 இலிருந்து ஸ்பார்க்ஸ்டேஷன் 10, எல்எக்ஸ், கிளாசிக் ஆகியனவும், 1994 இல் ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20 ஆகியனவும் வந்தன.

இப்பொறிகளுக்கான ஆதரவை இயங்குதளங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. சன்4சி வகைப் பொறிகளை ஆதரித்த கடைசி சொலாரிஸ் பதிப்பு, 1998 இல் வெளியான சொலாரிஸ் 7 ஆகும். 2005 இல் வெளியான சொலாரிஸ் 10, 32-பிட் ஸ்பார்க் செயலிகள் அனைத்தையும் விலக்கியது. லினக்சு கருனியிலிருந்து சன்4சி ஆதரவு 2012 இல் நீக்கப்பட்டது. ஓப்பன்பிஎஸ்டியின் 32-பிட் ஸ்பார்க் பதிப்பு 2016 இல் வெளியான 5.9 உடன் முடிவுற்றது. நெட்பிஎஸ்டியில் 1994 ஆம் ஆண்டின் 1.0 பதிப்பில் சேர்ந்த ஸ்பார்க் ஆதரவு, 2024 இல் வெளியான 10.0 பதிப்பிலும் இடம்பெற்றது. முப்பது ஆண்டுகளில் கருனி பலமடங்கு வளர்ந்துவிட்டது. பொறியின் நினைவகமோ வளரவில்லை. உள்ளமைவு இங்கே ஒரு விருப்பத் தேர்வாக மட்டும் இல்லாமல், பொறியைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கான வழியாகவும் அமைவது இதனாலேயே.

உள்ளமைவு நிரல்

நெட்பிஎஸ்டி பயன்படுத்தும் கான்பிக் என்னும் உள்ளமைவு நிரலின் வடிவமைப்பு, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றிய கிறிஸ் டோரெக் 4.4பிஎஸ்டிக்காக உருவாக்கியதாகும். ஸ்பார்க் கருனியின் தொடக்கப் பகுதிகளும் அதே ஆய்வகக் குழுவிலிருந்தே வந்தன. ஆகவே இந்த உள்ளமைவு முறையும் ஸ்பார்க் பொறியும் தொடக்கம் முதலே ஒன்றோடொன்று பொருந்தி வளர்ந்தவை எனலாம்.

இம்முறையில் வன்பொருள் ஒரு மரமாகக் கருதப்படுகின்றது. மரத்தின் வேர் முதன்மைப் பாட்டை ஆகும். அதில் எஸ்பஸ் இணைகின்றது. எஸ்பஸ்ஸில் ஸ்கசி கட்டுப்படுத்தி இணைகின்றது. அதில் ஸ்கசி பாட்டையும், அதன்மேல் வன்தட்டும் இணைகின்றன. உள்ளமைவுக் கோப்பின் ஒவ்வொரு சாதன வரியும் "இச்சாதனம் இன்ன பெற்றோரின்மீது இன்ன இடத்தில் இணையக்கூடும்" என்பதையே கூறுகின்றது. இடம் தெரியாதபோது வினாக்குறியும், எண்ணிக்கை தெரியாதபோது உடுக்குறியும் இடப்படும். கணினி தொடங்கும்போது கருனி மரத்தின் வேரிலிருந்து இறங்கி, காணப்படும் ஒவ்வொரு சாதனத்துக்கும் பொருத்தமான இயக்கியைத் தேடி இணைக்கும்.

சாதன வரிகள் தவிர, கோப்பு முறைமைகள், பிணைய நெறிமுறைகள், பிற இயங்குதளங்களுக்கான ஒத்திசைவு ஆகியவற்றைத் தெரிவுசெய்யும் ஆப்ஷன்ஸ் வரிகளும் கோப்பில் உள்ளன. இவற்றைப் படித்து கான்பிக் நிரல் ஒரு தொகுப்பு அடைவை உருவாக்கி, அதில் மேக் கோப்பையும் தலைப்புக் கோப்புகளையும் சாதன அட்டவணையையும் எழுதுகின்றது. தெரிவுசெய்யப்படாத இயக்கியின் மூலநிரல் தொகுக்கப்படுவதே இல்லை.

பொறி வகையைத் தெரிவுசெய்தல்

உள்ளமைவில் மிகுந்த பயன் தரும் வரிகள் மூன்றே. அவை சன்4, சன்4சி, சன்4எம் என்னும் பொறி வகைகளைக் குறிக்கின்றன. சன்4 என்பது பெரும்பாலும் விஎம்இ பாட்டை கொண்ட தொடக்ககாலப் பொறிகள். சன்4சி என்பது ஸ்பார்க்ஸ்டேஷன் 1, 2, ஐபிசி, ஐபிஎக்ஸ் போன்றவை. சன்4எம் என்பது ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 10, 20, எல்எக்ஸ், கிளாசிக் போன்றவை.

ஒரே கட்டளைத் தொகுதி வழிவந்தவை எனினும் இவற்றின் உள்ளமைப்பு வேறு. சன்4 பொறிகளில் நினைவகப் பக்கம் 8 கிலோபைட்டு. ஏனைய இரண்டிலும் 4 கிலோபைட்டு. சன்4 மற்றும் சன்4சி பொறிகளில் முகவரி மாற்று அட்டவணை தனி வன்பொருள் நினைவகத்தில் உள்ளது. சன்4எம் பொறிகளில் அது சாதாரண நினைவகத்திலேயே மூன்று நிலைகளில் அமைகின்றது. பொதுக் கருனி மூன்றுக்கும் உரிய நிரலைச் சுமப்பதோடு, தான் எப்பொறியில் இயங்குகின்றது என்பதை இயங்கும்போதே திரும்பத் திரும்பச் சோதிக்கவும் வேண்டியுள்ளது. ஒரு வகையை மட்டும் தெரிவுசெய்தால் இச்சோதனைகள் தொகுக்கும் வேளையிலேயே மாறிலிகளாகிவிடும். தேவையற்ற கிளைகளைத் தொகுப்பி நீக்கிவிடும். பக்க அளவும் நிலையான எண்ணாகிவிடும். கருனி சிறியதாவதுடன் வேகமும் பெறுகின்றது.

மற்றுமொரு வேறுபாடும் உண்டு. சன்4, சன்4சி பொறிகளின் செயலிகள் ஸ்பார்க் 7 ஆம் பதிப்பைச் சேர்ந்தவை. அவற்றில் முழுஎண் பெருக்கல், வகுத்தல் கட்டளைகள் இல்லை. சன்4எம் செயலிகள் 8 ஆம் பதிப்பைச் சேர்ந்தவை. அவற்றில் இக்கட்டளைகள் உண்டு. எல்லாப் பொறிகளிலும் இயங்கவேண்டிய கருனி இவற்றைப் பயன்படுத்த இயலாது. சன்4எம் பொறிக்கு மட்டும் தொகுப்பவர், 8 ஆம் பதிப்புக் கட்டளைகளைப் பயன்படுத்துமாறு தொகுப்பிக்குக் கூறலாம்.

ஸ்பார்க்ஸ்டேஷன் 10, 20 ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் பொருத்தப்படலாம். இதற்கான பல்செயலி ஆதரவு 2004 இல் வெளியான நெட்பிஎஸ்டி 2.0 இல் சேர்ந்தது. ஒரு செயலி மட்டுமே உள்ள பொறியில் இதனைத் தெரிவுசெய்தல் வீண்சுமையாகும்.

சன்4சி பொறிகளில் கருனியின் அளவு

கருனியைச் சிறிதாக்குவது நினைவகத்தைச் சேமிப்பதற்கு மட்டுமே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. சன்4சி பொறிகளைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. இப்பொறிகளின் நினைவக மேலாண்மை அலகு, 64 பக்கங்கள் கொண்ட குழுக்களாகவே முகவரிகளை மாற்றுகின்றது. ஒரு குழு 256 கிலோபைட்டு முகவரி வெளியை உள்ளடக்கும். ஸ்பார்க்ஸ்டேஷன் 1 இல் இத்தகைய குழுக்கள் 128 மட்டுமே உள்ளன. எனவே பொறியில் 64 மெகாபைட்டு நினைவகம் பொருத்தியிருந்தாலும், ஒரு நேரத்தில் 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட முகவரி வெளியை வன்பொருள் அறியாது. ஸ்பார்க்ஸ்டேஷன் 2 இல் குழுக்கள் 256 ஆகும். ஒரே நேரத்தில் வன்பொருளில் வைத்திருக்கக்கூடிய செயல் சூழல்களும் முறையே 8, 16 மட்டுமே.

கருனி பிடித்துள்ள குழுக்கள் நிரந்தரமாகப் பூட்டப்பட்டவை. அவற்றைப் பயனர் நிரல்களுக்குத் தர இயலாது. கருனி 3 மெகாபைட்டு எனக் கொண்டால் அதற்கு மட்டும் 12 குழுக்கள் தேவை. மறுபுறம், ஒரு சிறிய பயனர் நிரல்கூட முகவரி வெளியின் அடியில் நிரற்பகுதியையும், நடுவில் பகிர்வு நூலகங்களையும், உச்சியில் அடுக்கையும் வைத்திருப்பதால், சில பக்கங்களே பயன்படுத்தினாலும் பல குழுக்களை எடுத்துக்கொள்ளும். குழுக்கள் தீர்ந்துவிட்டால் கருனி ஏதேனும் ஒரு நிரலின் குழுவைப் பறித்து மற்றொன்றுக்குத் தரும். பறிக்கப்பட்ட நிரல் மீண்டும் இயங்கும்போது பிழைப்பொறி ஏற்பட்டு அட்டவணை திரும்ப எழுதப்படும். நினைவகம் தாராளமாக மீதமிருந்தும் பொறி தடுமாறுவதற்கு இதுவே காரணமாகும். இதனைக் கண்டு நினைவக அட்டைகளை மேலும் வாங்கிப் பொருத்துவதால் பயனில்லை. கருனியில் ஒரு மெகாபைட்டைக் குறைத்தால் நான்கு குழுக்கள் விடுபடும்.

சாதனங்களைத் தெரிவுசெய்தல்

எதை நீக்கலாம் என்பதற்கு, பொதுக் கருனி தொடங்கும்போது அச்சிடும் செய்திகளே சிறந்த வழிகாட்டி. அச்செய்திகளில் இணைந்ததாகக் காட்டப்படும் சாதனங்களையும் அவற்றின் பெற்றோரையும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கலாம். பெற்றோரை நீக்கிவிட்டுப் பிள்ளையை வைத்திருப்பது தொடக்கநிலையில் நிகழும் பிழையாகும்.

ஒரே சில்லு வெவ்வேறு பொறிகளில் வெவ்வேறு இடத்தில் இணைவதால் இங்கே கவனம் தேவை. தொடர்நிலைத் துறைகளை இயக்கும் சைலாக் 8530 சில்லு, சன்4சி பொறிகளில் நேரடியாக முதன்மைப் பாட்டையிலும், சன்4எம் பொறிகளில் உள்பலகைப் பாட்டையிலும் இணைகின்றது. எஸ்பஸ்ஸும் அவ்வாறே: சன்4சி பொறிகளில் முதன்மைப் பாட்டையிலும், சன்4எம் பொறிகளில் உள்ளீட்டு-வெளியீட்டு நினைவக அலகின் வழியாகவும் இணைகின்றது. ஆகவே கோப்பில் ஒரே இயக்கியின் பெயரில் பல வரிகள் இருக்கும். அவற்றில் தவறானதை நீக்கினால், விசைப்பலகையும் சுட்டியும் இதே வகைச் சில்லு ஒன்றின் வழியாகவே இயங்குவதால், கணினி தொடங்கியும் அதனோடு பேச வழியின்றிப் போகும்.

சன்4சி பொறிக்கு விஎம்இ பாட்டையையும் அதன் வன்தட்டு, பிணைய இயக்கிகளையும் தயக்கமின்றி நீக்கலாம். தேவையற்ற கோப்பு முறைமைகள், ஐபிவி6 ஆகியவையும் நீக்கத்தக்கவை. சன்ஓஎஸ் 4 நிரல்களை இயக்குவதற்கான ஒத்திசைவை, பழைய வணிக மென்பொருள் வைத்திருப்போர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கருனியினுள் அமைந்த பிழைதிருத்தி இடம் பிடிப்பது உண்மையே; எனினும் புதிய கருனி நிலைபெறும்வரை அதனை நீக்காதிருத்தல் நல்லது.

பிளிங்க் என்னும் ஒரு தெரிவும் உண்டு. அது கணினியின் முகப்பு விளக்கைப் பணிச்சுமைக்கு ஏற்ப மெதுவாகவோ விரைவாகவோ சிமிட்டச் செய்யும். திரையின்றி ஒரு மூலையில் இயங்கும் பொறிக்கு இது ஓரளவு பயனுள்ளதே.

வன்தட்டு எண்கள்

சன் நிறுவனம் தன் பணிநிலையங்களின் உள் வன்தட்டை ஸ்கசி இலக்கு 3 இல் அமைத்தே விற்றது. சன்ஓஎஸ் இதனை 0 ஆம் வன்தட்டு என்றும், இலக்கு 0 இல் உள்ளதை 3 ஆம் வன்தட்டு என்றும் அழைத்தது. பழைய நிலைபொருளும் 31204567 என்னும் மாற்று வரிசையை நிலைநினைவகத்தில் வைத்துக்கொண்டு இவ்வழக்கையே பின்பற்றியது. நெட்பிஎஸ்டியின் பொதுக் கருனியோ வன்தட்டுகளைக் கண்டறியும் வரிசையில் எண்ணிடுகின்றது. உள் வன்தட்டு மட்டும் இருக்கும்வரை சிக்கலில்லை. பின்னர் இலக்கு 0 இல் வெளி வன்தட்டு ஒன்றை இணைத்தால், அதுவே 0 ஆம் எண்ணைப் பெற்று, மூல வன்தட்டு 1 ஆம் எண்ணுக்குத் தள்ளப்படும். கோப்பு முறைமை அட்டவணை பிழையாகிக் கணினி தொடங்காது. இலக்கு 3 ஐ 0 ஆம் வன்தட்டுடன் பிணைத்து எழுதிய ஜெனரிக் ஸ்கசி3 என்னும் ஆயத்த உள்ளமைவு இதற்காகவே வழங்கப்படுகின்றது. அவ்வரிகளைச் சொந்தக் கோப்பிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

தொகுத்தலும் நிறுவுதலும்

ஸ்பார்க்ஸ்டேஷன் 1 போன்ற பொறியிலேயே கருனியைத் தொகுப்பதற்குப் பல மணி நேரம் தேவைப்படும். 2002 இல் வெளியான நெட்பிஎஸ்டி 1.6 உடன் வந்த பில்ட்.எஸ்எச் என்னும் நிரல், வேறு எந்த யுனிக்சு வகைக் கணினியிலும் முதலில் ஸ்பார்க்குக்கான தொகுப்பியை உருவாக்கி, அதனைக்கொண்டு கருனியைக் குறுக்குத் தொகுப்புச் செய்கின்றது. சொந்த உள்ளமைவை முழுமையாக எழுதாமல், பொதுக் கோப்பை உள்ளடக்கி, வேண்டாதவற்றை மட்டும் நோ என்னும் முன்சொல்லுடன் நீக்கும் முறையும் உண்டு. மூலநிரல் புதுப்பிக்கப்படும்போது திருத்த வேண்டியவை குறைவு என்பதால் இம்முறையே எளிது.

புதிய கருனியைப் பழையதன்மீது நேரடியாக எழுதலாகாது. பழையதை வேறு பெயரில் மூல அடைவில் வைத்துக்கொண்டால், புதியது தொடங்காதபோது விசைப்பலகையில் ஸ்டாப், ஏ ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தி நிலைபொருளுக்குச் சென்று, பழைய கருனியின் பெயரைக் கூறித் தொடங்கலாம். ஓக்கே என்னும் தூண்டிக்குப் பதிலாக வெறும் கூரடைப்புக் குறி மட்டும் தோன்றினால், என் விசையை அழுத்தி முழு நிலைபொருள் நிலைக்குச் செல்லவேண்டும். விசைப்பலகை இணைக்கப்படாத பொறியில் நிலைபொருள் தானாகவே முதல் தொடர்நிலைத் துறைக்கு 9600 பாட் வேகத்தில் மாறிவிடும்.

பிணையம் வழியே வன்தட்டின்றித் தொடங்கும் பொறிகளுக்கு, மூலக் கோப்பு முறைமையைப் பிணையத்தில் தேடும் தெரிவுகளும் கருனியில் இருத்தல் வேண்டும். இத்தகைய பொறி தொடங்காதபோது உள்ளமைவைக் குறைகூறுமுன் கடிகாரச் சில்லைச் சோதிப்பது நன்று. சன்4சி பொறிகளில் கடிகாரமும் ஈதர்நெட் முகவரியும் நிலைபொருள் அமைப்புகளும் ஒரே சில்லினுள் இருக்கின்றன. அச்சில்லின் உள்ளேயே அடைக்கப்பட்ட மின்கலம் பெரும்பாலான பொறிகளில் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். ஈதர்நெட் முகவரி இழந்த பொறி பிணையத்தில் தன்னை அறிவிக்க இயலாது. எந்தக் கருனியாலும் இது சரியாகாது. சில்லை மாற்றவேண்டும், அல்லது முகவரியை நிலைபொருளில் மீண்டும் எழுதவேண்டும். மின்கலம் இல்லாதவரை, எழுதிய முகவரி மின்சாரத்தை நிறுத்தியதும் மறைந்துவிடும்.