ஓநாய்க்குப் பெயர் கொடுத்த அயலவர்கள்

பழைய இத்தாலியில் என்ன மொழி கதைத்தார்கள் எண்டு கேட்டால், நாங்கள் யோசிக்காமல் 'இலத்தீன்' என்போம். ஆனால் கி.மு. 400 அளவில் இலத்தீன், தைபர் ஆற்றங்கரையில் லாத்தியம் என்ற சின்னப் பகுதியின் மொழி மட்டும்தான். தெற்கு மலைகளில் சம்னியர் ஒஸ்கன் கதைத்தார்கள். வடக்கே உம்பிரியன். பக்கத்து ஃபலேரியில், இலத்தீனுக்கு மிக நெருக்கமான ஃபலிஸ்கன்.

இவை எல்லாம் இத்தாலிக் மொழிகள் என்ற ஒரே கிளை. மூலம், ஆதி இந்தோ-ஐரோப்பியம். அந்த மொழியில் ஒரு வரிகூட எழுத்தில் கிடைக்கவில்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதை மீட்டெடுத்திருக்கிறார்கள். நாங்கள் அன்றாடம் கேட்கிற சிங்களமும் இந்தப் பெரிய குடும்பம்தான்: பெயருக்குச் சிங்களத்தில் 'நம', இலத்தீனில் 'நோமென்'.

ஆனால் இரண்டு சொல் ஒரே மாதிரி ஒலிப்பதை வைத்து மட்டும் உறவு சொல்ல ஏலாது. ஒலிகள் ஒழுங்காக மாறியிருக்க வேண்டும். மூலமொழியின் 'க்வ' ஒலி இலத்தீனில் அப்பிடியே நின்றது. ஒஸ்கனிலும் உம்பிரியனிலும் 'ப' ஆனது. 'யார்' என்பதற்கு இலத்தீனில் 'க்விஸ்', ஒஸ்கனில் 'பிஸ்'.

இனித்தான் சுவாரசியம். ஓநாய்க்கு இலத்தீன் சொல் 'லுபுஸ்'. மூலச்சொல்லில் இருந்ததோ 'க்வ'. அப்ப இலத்தீனில் 'ப' எங்கிருந்து வந்தது? அயல் மொழியிலிருந்து வாங்கியது என்பதுதான் மொழியியலாளர்களின் விளக்கம். ரோமை நிறுவிய ரொமுலுஸுக்குப் பால் கொடுத்தது ஓநாய் என்பது ஐதீகம். ரோம் தன் அடையாளமாக வைத்திருந்த விலங்கின் பெயரே இரவல்!

கி.மு. 91இல், ரோமுக்காகப் போர்களில் இரத்தம் சிந்தியும் குடியுரிமை கிடைக்காத இத்தாலிய நட்பு இனங்கள் கிளர்ந்தெழுந்தன. காளை ஓநாயைக் குத்திச் சாய்க்கிற படத்தோடு, ஒஸ்கன் எழுத்தில் நாணயம் அடித்தார்கள். போரில் ரோம் வென்றது. ஆனால் குடியுரிமையைக் கொடுக்க வேண்டி வந்தது. உரிமை வந்தது, மொழி போனது. நீதிமன்றம், பதவி, படை எல்லாம் இலத்தீனில் நடக்கும்போது பிள்ளைகளுக்கு ஒஸ்கன் எதற்கு? பொம்பேய்ச் சுவர்களில் அதன் எழுத்துகள் மிஞ்சின. உம்பிரியனுக்கு, 1444இல் குப்பியோ நகரில் கிடைத்த 7 வெண்கலத் தகடுகளில் சடங்கு விதிகள் மிஞ்சின.

இலக்கணம் குறைவு எண்டு எந்த மொழியும் அழிந்ததில்லை. ஒஸ்கனுக்கும் வேற்றுமை உருபுகள், வினைத்திரிபுகள் எல்லாம் இருந்தன. இல்லாமல் போனது, அந்த மொழியைக் கதைத்தால் ஒரு பலன் கிடைக்கும் என்ற நிலைமை.

இலத்தீனுக்கு இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எண்டு பிள்ளைகள் பல. ஒஸ்கனுக்கோ உம்பிரியனுக்கோ ஒன்றும் இல்லை. ஆனாலும் இண்டைக்கும் இத்தாலியில் ஒரு பிள்ளை கதைப்புத்தகத்து ஓநாயைக் காட்டி 'லுபோ' என்கிறபோது, தோற்றுப்போன அயலவர்களின் அந்த 'ப' கேட்கத்தான் செய்கிறது.