எண்ணுக்குள் ஒளிந்த ஊர்: கொரியா சென்ற இந்தியப் படையின் அஞ்சல் உறைகளை ஆராயும் முறை

1. பொருளும் எல்லையும்

படைவீரர் அனுப்பிய பழைய கடித உறை ஒன்று கைக்கு வந்தால், அது எங்கிருந்து புறப்பட்டது என்பதே முதல் கேள்வி. சாதாரணக் கடிதமாயின் அஞ்சல் முத்திரையே ஊரைச் சொல்லிவிடும். கள அஞ்சலக முத்திரையோ ஊரை மறைப்பதற்கென்றே அமைந்தது. வட்டத்துக்குள் 'எஃப்.பி.ஓ.' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் தேதியும் இருக்கும், இடப்பெயர் இராது.

இக்கட்டுரை 1953-54இல் கொரியாவில் பணியாற்றிய இந்தியக் காவல் படையின் உறைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சேகரிப்பாளர் பலரும் முகவரியில் தொடங்குகிறார்கள். அந்த வரிசை தலைகீழானது. தேதியை முதலிலும், தபால்தலையையும் எண்ணையும் அடுத்தும், முகவரியைக் கடைசியிலும் வைத்து விசாரித்தால்தான் உறையின் தோற்றம் பிடிபடும்.

2. முகவரி ஏன் கடைசி

படை முகவரிகளில் நாம் அதிகம் காண்பது '56 ஏ.பி.ஓ.', '99 ஏ.பி.ஓ.' ஆகிய இரண்டும். முன்னது தில்லியிலும் பின்னது கொல்கத்தாவிலும் உள்ள மத்திய அடிப்படை அஞ்சலகங்களைச் சார்ந்தது. கடிதப் பைகள் பிரிக்கப்படும் இடங்கள் அவை. வீரர் இருக்கும் இடத்தை அவை காட்டா. '56' என்ற எண்ணைக் கண்டதும் தில்லிக் கடிதம் என்று விலைச்சீட்டு ஒட்டும் வியாபாரிகளுக்கு இது புரிவதில்லை. புரிந்தாலும் அவர்களுக்கு நட்டம்தான்.

முகவரியால் ஒரு பயன் உண்டு. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. தில்லி மோதி பாக்கின் 110021 ஓர் உறையில் எழுதப்பட்டிருந்தால், அது அந்த நாளுக்குப் பிந்தியது. கொரியக் காலத்து உறை என்று சொல்லி விற்கப்படுவதில் அந்த ஆறு இலக்கம் தென்பட்டால் மேலே ஆராய வேண்டியதில்லை.

3. மேலச்சு தரும் கால எல்லை

3.1. 1953 ஜூலையில் கொரியப் போர் நிறுத்தம் கையெழுத்தானது. தாய்நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளை என்ன செய்வது என்பதற்காக நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் ஜெனரல் கே.எஸ். திம்மையா. கைதிகளைக் காவல் காக்க மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோரட் தலைமையில் இந்தியப் படை சென்றது. இந்திய வீரர்கள் தம் மண்ணில் கால்வைக்கத் தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ இசையவில்லை. ஆகவே இஞ்சோன் துறைமுகத்துக் கப்பல்களிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, படைவிலக்கப் பகுதியில் இறக்கினார்கள். அங்கே இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அவர்கள் பொறுப்பில் வந்தார்கள்.

3.2. இந்தப் படைக்காக 1949ஆம் ஆண்டின் தொல்லியல் வரிசைத் தபால்தலைகள் மேல் தேவநாகரியில் 'பாரதிய ஸம்ரக்ஷா கடக் கொரியா' என்று அச்சடித்து, 1953 அக்டோபர் 17 அன்று வெளியிட்டார்கள். மூன்று பை முதல் பன்னிரண்டு அணா வரை 12 மதிப்புகள். இரண்டணாத் தலையில் நம் நடராஜர். தில்லைக் கூத்தர் கொரியாவின் முள்வேலிப் பக்கம் போய்வந்ததற்கு இதைவிடக் கச்சிதமான சான்று வேறில்லை.

படை 1954 தொடக்கத்தில் திரும்பிவிட்டது. ஆக, இத்தலைகள் களத்தில் முறையாகப் பயன்பட்ட காலம் சில மாதங்களே. தேதியை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

3.3. இந்திய வீரர் கொரியாவிலிருந்து எழுதிய எல்லாக் கடிதங்களிலும் இந்த மேலச்சைத் தேடக் கூடாது. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழ் மருத்துவரின் தலைமையில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரிலேயே அங்கு சென்றுவிட்டது. 1951 மார்ச்சில் முன்சான்-னியில் அமெரிக்கப் பாராசூட் படையோடு அப்பிரிவினரும் குதித்தார்கள். அவர்களுடைய முதல் மூன்றாண்டுக் கடிதங்களில் மேலச்சு இருக்க வழியில்லை. இருந்தால் அதுவே பொய்க்கு அடையாளம்.

3.4. தேவநாகரி படிக்கத் தெரியாதவர் இடறும் இடம் ஒன்று உண்டு. இந்தோசீனா சென்ற ஆணையத்துக்கும் 1954 டிசம்பரில் இதே வரிசைத் தலைகளில் மேலச்சு இட்டார்கள். அங்கே 'அந்தர்ராஷ்ட்ரிய ஆயோக்' என்பதுடன் கம்போஜ், லாவோஸ், வியட்நாம் ஆகியவற்றுள் ஒன்று வரும்.

4. எண்ணை இடமாக்குதல்

கள அஞ்சலக எண் ஓர் ஊருக்கு உரியது அன்று, படைப்பிரிவோடு நகர்வது. அதே எண் வேறு ஆண்டில் வேறு நாட்டில் இருந்திருக்கலாம். எனவே எண்ணை எப்போதும் தேதியோடு சேர்த்தே பட்டியலில் தேட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிரிகேடியர் டி.எஸ். விர்க்கின் நூல் கைகொடுக்கும். கொரியப் படைக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1976இல் வெளியிட்ட வரலாறு உண்டு; எந்தப் பட்டாலியன் எப்போது எங்கே இருந்தது என்பதை அதனோடு ஒப்பிடலாம்.

5. மோதி பாக்கிலிருந்து

இவ்வாய்வுக்கு மோதி பாக் தோதான ஊர். 1870இல் தோன்றிய யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷனின் நூலகம் பக்கத்திலேயே ராவ் துலா ராம் மார்க்கில் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் ஜன்பத்திலும், தேசியத் தபால்தலை அருங்காட்சியகம் டாக் பவனிலும் உள்ளன.

இங்குள்ள குருத்வாராவைப் பற்றி ஒரு வழக்கு வழங்குகிறது. 1707இல் குரு கோவிந்த் சிங் இங்கே தங்கியிருந்து, செங்கோட்டையை நோக்கி ஓலை கட்டிய அம்பை எய்தாராம். அந்தப் படை அஞ்சலுக்கு முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. தோற்றம் மட்டும் எவருக்கும் ஐயமின்றித் தெரிந்திருக்கிறது!

6. உறையை மதிப்பிடுதல்

12 மதிப்புகளும் வரிசையாக ஒட்டி, வெளியீட்டு நாள் முத்திரை பளிச்சென்று விழுந்த உறை அழகானதுதான். அது சேகரிப்பாளருக்காகத் தயாரானது. கடிதத்துக்குத் தேவையான கட்டணத்துக்கு மட்டும் தலை ஒட்டி, மடிப்புக் கலைந்து, பின்புறம் ஊர் வந்துசேர்ந்த முத்திரை பெற்ற அழுக்கு உறையே ஆய்வாளருக்கு மேலானது. முத்திரை மை மேலச்சின் மீது படிந்திருக்கிறதா என்பதை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். மையின் மேல் மேலச்சு கிடந்தால், ஏற்கெனவே பயன்பட்ட சாதாரணத் தலையில் பின்னாளில் அச்சடித்திருக்கிறார்கள்.

முடிவை மூன்று படிகளில் எழுதலாம்: நாடு, படைப்பிரிவு, எழுதியவர். மேலச்சும் தேதியும் பொருந்தினால் முதல் படி உறுதி. எண் படைவரலாற்றோடு ஒத்தால் இரண்டாம் படி. மூன்றாவதற்குக் கையெழுத்தோ அனுப்புநர் குறிப்போ உறையிலேயே இருக்க வேண்டும். இல்லையேல் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, உறையைப் படைப்பிரிவின் பெயரில் பதிவு செய்யலாம்.