விதி வகுத்தவரின் பெயர் தாங்கிய மரங்கொத்தி

இலங்கையின் ஈரவலயக் காடுகளில் ஒரு மரங்கொத்தி வாழ்கிறது. முதுகும் இறக்கைகளும் ஆழ்ந்த செந்நிறம்; அலகு வெளிறிய தந்த நிறம்; ஆணின் கொண்டை சிவப்பு, பெண்ணின் கொண்டை வெண்புள்ளி இட்ட கருமை. அறிவியல் அதனைக் கிரைசோகொலாப்டஸ் ஸ்டிரிக்லாண்டி என அழைக்கிறது. இப்பெயரின் பின்பகுதிக்குள் பெயரிடுமுறையின் வரலாறே அடங்கியுள்ளது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்குகளின் பெயர்களில் பெருங்குழப்பம் நிலவியது. ஒரே உயிரிக்குப் பல பெயர்கள் வழங்கின. முன்னவர் இட்ட பெயரைத் தம் விருப்பப்படி மாற்றியோரும் இருந்தனர். இதற்குத் தீர்வாக 1842இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் குழுவொன்று விதித்தொகுப்பை வெளியிட்டது. அதனை முன்னின்று வரைந்தவர் ஹியூ எட்வின் ஸ்டிரிக்லண்ட். குழுவில் சார்லஸ் டார்வினும் இருந்தார். முறைப்படி முதலில் வெளியிடப்பட்ட பெயரே நிலைக்கும் என்னும் முந்துரிமையே அதன் உயிர்நாடி.

1853 செப்டம்பரில், இருப்புப்பாதை ஓரத்துப் பாறையடுக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்டிரிக்லண்ட், தொடர்வண்டி மோதி 42ஆம் வயதில் உயிரிழந்தார். மறு ஆண்டே, இலங்கை அரசுப் பணியில் இருந்த எட்கர் லேயார்ட் இம்மரங்கொத்தியை விவரித்து, அவர் பெயரைச் சூட்டினார்.

ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பறவை தன் தனித்தகுதியை இழந்திருந்தது. இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரை பரவிய ஒரே சிற்றினத்தின் துணைச் சிற்றினமாக அது கருதப்பட்டது. அத்தொகுதியில் மூத்த பெயர் 1786இல் ஸ்கோபோலி பிலிப்பைன்ஸ் பறவைக்கு இட்ட 'லூசிடஸ்'. எனவே ஸ்டிரிக்லண்டின் விதியே ஸ்டிரிக்லண்டின் பெயரைப் பின்னுக்குத் தள்ளியது.

இந்நூற்றாண்டில் வகைப்பாடு மீண்டும் மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அதன் உறவுப் பறவையின் முதுகு பொன்னிறம். தீவுப் பறவையினுடையதோ செந்நிறம். இத்தகைய வேறுபாடுகளைக் கருதி அது தனிச் சிற்றினமாக ஏற்கப்பட்டபோது புதுப்பெயர் தேவைப்படவில்லை. 1854ஆம் ஆண்டின் பெயர் காத்திருந்தது. தாழ்த்திய அதே விதி அதனை மீட்டது.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. பரந்து வாழும் சிற்றினத்தின் ஒரு பிரிவாகக் கொண்டால், இத்தீவில் அது அழிந்தாலும் உலகக் கணக்கில் ஒரு சிற்றினம் குறையாது. தனிச் சிற்றினமாகக் கொண்டால், அதன் இருப்பு முழுவதும் இத்தீவின் காடுகளையே சார்ந்தது என்பது தெளிவாகும்.

ஆகவே பழைய பறவைப் பதிவுகளைப் பயிலும் மாணவர்கள் இன்றைய பெயரை மட்டும் தேடி நின்றுவிடலாகாது. இலங்கைப் பட்டியலில் 'லூசிடஸ்' எனக் கண்டால், அங்கே மறைந்திருப்பது இச்செம்முதுகுப் பறவையே.