சிலாகிப்பின் சரித்திரம்

புகழப்பட்டவர்களின் சரித்திரம் நம்மிடம் ஏராளம். புகழ்ந்தவர்களின் சரித்திரத்தை யாரும் எழுதுவதில்லை. சமூக வலைத்தளங்களில் வரும் ஒப்பனைப் படங்களுக்குக் குவிகிற பாராட்டைப் பார்க்கும்போது அதை எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டதென்று தோன்றுகிறது.

2007ல் மிஷேல் ஃபான் என்ற இருபது வயதுப் பெண், வியட்நாமிய வம்சாவளி அமெரிக்கர், தன் முகத்துக்குத் தானே ஒப்பனை செய்துகொள்வதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டார். அவருடைய வலைப்பதிவைப் படித்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கு அது பதில். ஆக, இந்த வகைப் படத்தின் தொடக்கத்தில் பிரமிப்பு இல்லை; ‘எப்படிச் செய்கிறாய்?’ என்ற கேள்வி இருந்தது. சோப்பு விளம்பரத்து நடிகையிடம் யாரும் இப்படிக் கேட்டுவிட முடியாது. அது செய்து முடிக்கப்பட்ட முகம். இதுவோ கண்ணெதிரே உருவாகிற முகம். செய்முறை தெரிந்தவள் பாராட்டும்போது அதில் கொஞ்சம் விமர்சனமும் கலந்துதான் வரும்.

அந்த நாளில் யூடியூபில் ஒரு படத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாம். கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஐந்தையே கொடுக்கிறார்கள் என்று 2009ல் அந்த நிறுவனமே சொன்னது. 2010ல் நட்சத்திரங்கள் போய்க் கட்டைவிரல் வந்தது. மேலே, அல்லது கீழே. 2021 நவம்பரில் கீழ்விரலின் எண்ணிக்கையைப் பார்வையாளர் கண்ணிலிருந்து மறைத்தார்கள். கூட்டமாகச் சேர்ந்து தாக்குவதைத் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது. முகத்தைக் காட்டுகிற பெண் வாங்கும் வசவுகளை அறிந்தவர்கள் இந்தக் காரணத்தை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஆனாலும் ஐந்து படிகள் இரண்டாகி, இரண்டில் ஒன்று இருட்டுக்குள் போயிற்று. பழியை முழுக்க நிறுவனத்தின் தலையில் கட்டிவிடவும் முடியவில்லை. இடைப்பட்ட படிகளை முதலில் கைவிட்டது ரசிகர்கள்தான்.

மிஷேல் 2010ல் லாங்கோம் கம்பெனியின் ஒப்பனைக் கலைஞரானார். 2016ல் படம் போடுவதை நிறுத்தினார். காமிராவுக்கு முன்னால் இருந்தவளும் நிஜத்தில் இருந்தவளும் ஒருவருக்கொருவர் அந்நியமாகிப்போனார்கள் என்று மறு வருஷம் விளக்கினார். குவிந்த பாராட்டில் எந்தக் கட்டைவிரலும் இதை அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. கட்டைவிரலால் ஒரு வாக்கியம் பேச முடியாது.

கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவனுக்கு ஒன்று தெரியும். எல்லா நோட்டும் ஐந்நூறு ரூபாயாக இருந்தால் சில்லறை கொடுக்க முடியாது. ரசனைக்கும் சில்லறை வேண்டும். ‘கண்மை பிரமாதம், உதட்டுச் சாயம் உனக்குப் பொருந்தவில்லை’ என்பது சில்லறை. அதைச் சொல்கிறவள் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

நாம் இந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்கலாம். அதற்கு முன் நம் பத்திரிகைகளின் மதிப்புரைப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு நம்மில் ஒருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்து எத்தனை வருஷமாயிற்று?