பட்டன் போனும் டச் போனும்: நம் எழுத்து நடந்து வந்த வழி



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். பட்டன் போன் போய் டச் போன் வந்த கதை உலகத்துக்கே பொது. ஆனால் அதில் தமிழுக்கென்று ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எழுதும் கருவி மாறினால் எழுத்தும் மாறும். இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறையில் பெயரை எழுதிக் குடத்தில் போட்டது பனை ஓலையில். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் ஓலை எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. அது ‘க’வா ‘க்’கா என்று படிக்கிறவர்தான் இடம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அச்சு வந்த பிறகுதான் புள்ளி தன் இடத்தில் நிலையாக உட்கார்ந்தது.

அடுத்து வந்தது டைப்ரைட்டர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்து, ஜெர்மனியில் செய்வித்துக் கொண்டுவந்தவர். அவர் முன்னால் இருந்த சிக்கலை நினைத்துப் பாருங்கள். இங்கிலீஷுக்கு 26 எழுத்து. நமக்கு 247. பொறியில் இருப்பதோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். எழுத்தைத் துண்டு துண்டாக்கி, கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி என்று பிரித்துத்தான் அடைக்க முடிந்தது. புள்ளி விசையை அடித்தால் வண்டி நகராது. அதனால் ‘க்’ அடிக்க முதலில் புள்ளி, அப்புறம் ‘க’. நாம் எழுதும் வரிசைக்கு நேர் தலைகீழ். லோயர், ஹையர் பரீட்சை எழுதியவர்களுக்கு இந்த வரிசை இன்னும் விரலில் இருக்கும்.

எழுத்துச் சீர்திருத்தத்திலும் இந்தக் கருவிகளுக்குப் பங்கு உண்டு. 1935இல் பெரியார் ‘குடியரசு’ இதழில் புது வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, அச்சுக் கோப்பதும் கற்பதும் எளிதாகும் என்பதையே காரணமாகச் சொன்னார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. யானைத் தும்பிக்கை போட்ட ‘லை’யும் ‘னை’யும் நம் பாடப் புத்தகங்களில் இருந்து விடைபெற்றது அப்போதுதான்.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். பட்டன் போனில் மொத்தம் 12 பட்டன். அதில் இங்கிலீஷ் எழுத்து இருப்பது 2 முதல் 9 வரையுள்ள எட்டு பட்டனில் மட்டும். ‘வணக்கம்’ என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டுமானால், ‘வி’க்கு 8ஐ மூன்று முறை, ‘ஏ’வுக்கு 2ஐ ஒரு முறை, ‘என்’னுக்கு 6ஐ இரண்டு முறை என்று மொத்தம் 13 அழுத்தம். நடுவில் இரண்டு ‘கே’ ஒரே பட்டனில் வருவதால் கொஞ்சம் நிறுத்தி வேறு அடிக்க வேண்டும்.

சரி, தமிழிலேயே அடிக்கலாமே என்றால் அங்கே இன்னொரு முட்டுக்கட்டை. ஒரு எஸ்.எம்.எஸ்.சில் இங்கிலீஷ் என்றால் 160 எழுத்து போகும். தமிழ் என்றால் 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. பண்டிகை நாளில் இலவச எஸ்.எம்.எஸ். செல்லாது என்று வேறு சொல்லிவிடுவார்கள். காசு பார்த்து அனுப்பிய காலத்தில் நம் பிள்ளைகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கப் பழகியதில் வியப்பு இல்லை. அதை நான் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன். கருவி அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது.

அந்தச் சுவரிலும் ஒருவர் வழி திறந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005ஆம் ஆண்டு பொங்கலன்று சிங்கப்பூரில் ‘செல்லினம்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். அந்தச் சின்னப் பட்டன்களை வைத்தே தமிழில் செய்தி எழுதி அனுப்ப வழி செய்தது அது.

அதற்கு அடுத்த வருடம், 2006இல், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இதுதான் நம் மாவட்டத்தின் பக்கம். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அதில் பெரும்பாலோர் பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ முடித்த கிராமத்துப் பிள்ளைகள், பெண்கள் அதிகம். கம்பெனி பஸ் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் கிராமத்துச் சாலைகளில் ஓடிய காலம் அது. உலகத்தின் பல மூலைகளில் மக்கள் அழுத்திய பட்டன்களை நம் ஊர்ப் பிள்ளைகளின் கை தொட்டிருக்கிறது.

ஆனால் 2007 ஜனவரியிலேயே ஆப்பிள் நிறுவனம் ஐபோனைக் காட்டிவிட்டது. ஸ்டீவ் ஜாப்ஸ் அன்று சொன்ன வாதம் எளிமையானது. பிளாஸ்டிக் பட்டன் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே இருக்கும். விற்ற பிறகு அதை மாற்ற முடியாது. திரையில் வரையும் பட்டனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அடுத்த சில வருடங்களில் பட்டன் போனின் காலம் தேய்ந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் பிரிவை வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. பட்டன் போனதை நாம் ஒரு வசதியாகப் பேசுகிறோம். அதோடு ஆயிரக்கணக்கான வீடுகளின் மாதச் சம்பளமும் போனது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு. இன்று அந்த வளாகத்தில் சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்கிறது. அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் எண் பட்டன் இல்லாத ஐபோன் தயாராகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. 5ஆம் எண் பட்டனில் ஒரு சின்ன மேடு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதைத் தடவிப் பார்த்தே பார்வையற்றவர்கள் எண்ணை அடித்தார்கள். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. போன் வாய்விட்டுப் படித்துச் சொன்னால்தான் உண்டு.

இனி லாபக் கணக்கு. பிளாஸ்டிக் பட்டனில் எந்த எழுத்தை அச்சடிப்பது என்று கம்பெனி முடிவு செய்தது. திரையிலோ அந்தத் தடை இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி ‘தமிழ்99’ என்ற விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியின் உழைப்பு அதற்கு அடித்தளம். இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய் தானே பிறக்கும். நாம் மூன்றாம் வகுப்பில் படித்த இலக்கணமேதான். ‘க’வை இரண்டு தடவை அடித்தால் ‘க்க’ தானாக வரும். ‘வணக்கம்’ எழுத ஆறே அழுத்தம். பட்டன் போனில் 13 என்றேனே, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2009இல் செல்லினம் ஐபோனுக்கு வந்தது. 2013இல் ஆப்பிள் தன் போனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகையை வைத்தது. 2017இல் கூகுளில் தமிழில் பேசினாலே எழுத்தாகும் வசதி வந்தது.

ஆக, ஓலைக்காகப் புள்ளியை விட்டோம், டைப்ரைட்டருக்காக எழுத்தைத் துண்டாக்கினோம், பட்டன் போனுக்காக எழுத்தையே மாற்றிக்கொண்டோம். இப்போதுதான் முதன்முதலாகக் கருவி தமிழுக்காக வளைந்து கொடுக்கிறது. ஆனால் பட்டன் போன பிறகும் பட்டன் பழக்கம் நம்மை விடவில்லை. இன்றும் எனக்கு வரும் செய்திகளில் முக்கால்வாசி இங்கிலீஷ் எழுத்தில்தான். அதில் ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஒன்றே. ‘வலி’, ‘வழி’, ‘வளி’ மூன்றுக்கும் ஒரே எழுத்து. ‘கொல்லையில் இருந்தேன்’ என்று ஒருவர் எழுதினால், தோட்டத்தில் இருந்தாரா, கொள்ளையில் கூட்டுச் சேர்ந்தாரா என்று நான்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது! புள்ளி இல்லாத ஓலையைப் படித்தவர் பட்ட பாடு இதுதான். அவருக்காவது ஓலை கிழியும் என்ற காரணம் இருந்தது.

செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. போனில் செட்டிங்ஸ் போய், கீபோர்டு பகுதியில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்99 கைக்கு வரவில்லையா, இங்கிலீஷ் ஒலிப்படி அடித்தாலே தமிழாகும் முறையும் இருக்கிறது. அதுவும் முடியாதவர்கள் மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி போனிலும் சேர்த்துக் கொடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் எழுதட்டும்.

நோக்கியாவில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்த நாட்களைப் பற்றிக் கீழே நாலு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. எழுத்துப்பிழை வந்தால் பரவாயில்லை, இப்போது நான் மார்க் குறைப்பதில்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
ஏனாத்தூர்.