வேண்டா விருந்தினன்

கி. பி. 1660 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலொன்று கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டுக் கிடந்தது. மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்த அக்கப்பல், புதுமரம் நாட்டும் பொருட்டு இலங்கையின் கீழைக்கரையை அடைந்திருந்தது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் நயமொழி கூறிக் கரைக்கு அழைத்து, கப்பற்றலைவனும் அவன் மகனும் உட்படப் பதினாறு பேரைச் சிறைபிடித்தனர். மகன் பெயர் றொபேட் நொக்ஸ். அப்போது அவனுக்கு வயது 19.

சிறை என்றதும் இருட்டறையும் கால்விலங்கும் நம் நினைவிற்கு வரும். கண்டி நாட்டுச் சிறை அத்தகையதன்று. பிடிபட்டோர் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டுக் குடிமக்களிடம் ஒப்புவிக்கப்பட்டனர். நாளுக்கு இருமுறை அவர்களுக்கு உணவளித்தல் ஊரார் கடன். அதற்கு ஈடாக வேலை வாங்கும் உரிமை ஊராருக்கு இல்லை. விருந்தோம்பல் அறம் எனக் கேட்டு வளர்ந்த நமக்கு, அரசாணையால் விதிக்கப்பட்ட இவ்விருந்து விந்தையாகவே தோன்றும். ஊரார் விரும்பி அழைத்த விருந்துமன்று. உண்டவனும் விரும்பி வந்தவனல்லன்.

நொக்ஸ் கண்ட வேறுபாடுகளுட் பல உணவைப் பற்றியன. உண்ணுமுன்னும் பின்னும் கையும் வாயும் கழுவுதல், நிலத்திலிருந்து உண்ணுதல், கணவன் உண்டபின் மனைவி உண்ணுதல், கலத்தில் உதடு படாமல் நீரை உயர்த்தி வாயில் வார்த்துக் குடித்தல், மாட்டிறைச்சியை அருவருத்தல் ஆகியவற்றை அவன் கூர்ந்து நோக்கி எழுதியுள்ளான். கீழ்மாகாணத் தமிழர் வீட்டிற் பிறந்தவர்க்கு இவற்றுட் பெரும்பாலானவை புதுமையல்ல. சிங்கள நாட்டைப் பற்றி ஆங்கிலேயன் எழுதிய நூலிலே நம் பாட்டிமார் பழக்கங்களைக் காண்கின்றோம்!

ஆயினும் உணவினும் கடிய வேறுபாடு சாவிலே வெளிப்பட்டது. தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரிற் குடியமர்த்தப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. பல திங்கள் பாயிற் கிடந்த தந்தை 1661 பெப்புருவரி 9 ஆம் நாள் இறந்தான். தானும் எழமாட்டாது கிடந்த மகன் தன் பணியாட் சிறுவனை அனுப்பி அயலாரிடம் உதவி கேட்டான். அவர்கள் அனுப்பியது மாடு கட்டும் கயிறு. பிணத்தின் கழுத்திற் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லும்படி சொல்லிவிட்டனர். வேறு உதவி வேண்டுமாயின் கூலி கொடுக்க வேண்டும் என்றனர். நொக்ஸ் மனம் நைந்து, கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துத் தந்தையை முறைப்படி அடக்கம் செய்தான்.

இதனை இரக்கமின்மை என அவன் எண்ணியதிற் பிழையில்லை. எனினும் அயலார் பக்கமும் ஒரு சொல் உண்டு. பிணத்தைத் தொடுதல் சுற்றத்தார்க்கும் அதற்குரிய குடியினர்க்கும் விடப்பட்ட செயல். பிறர் தொடின் தீட்டு. அரசாணை சோறிடச் சொன்னதேயன்றிச் சுற்றமாகச் சொல்லவில்லை. நாள்தோறும் இருவேளை சோறிட்ட அதே கைகள்தாம் அக்கயிற்றையும் அனுப்பின. கயிறு அனுப்பியவர்கள் தம் பக்கத்தை எழுதிவைக்கவில்லை. எழுதியவன் விருந்தினன் ஒருவனே.

பின்னர் நொக்ஸ் அந்நாட்டு வாழ்வைக் கற்றுக்கொண்டான். உடைகள் கிழிந்தபின் உள்ளூர்த் துணியை உடுத்து, வெறுங்காலுடன் நடந்து, தாடியும் நீண்ட மயிரும் வளர்த்தான். சிங்களம் பேசினான். தொப்பி பின்னி விற்றான். அத்தகைய தொப்பியொன்றைக் கொடுத்தே ஒரு முதியவரிடமிருந்து ஆங்கில விவிலியத்தைப் பெற்றான். எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினான். நெல்லைக் கடன் கொடுத்து ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி வாங்கினான். அது அந்நாட்டு வழக்கமாம். வழக்கங்களுள் இதனை ஏற்க அவனுக்கு நெடுங்காலம் வேண்டியிருக்கவில்லை! சிறைப்பட்ட ஆங்கிலேயர் பலர் சிங்களப் பெண்களை மணந்து குடும்பத்தராயினர். அவனோ மணம்புரியாது தப்பும் வழியையே எண்ணியிருந்தான்.

1679 இல், தோழன் ஸ்தீபன் றட்லண்டுடன் வணிகன் போல வடக்கே சென்று, அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவின் கரைவழியே காட்டில் நடந்தான். வழியில் எதிர்ப்பட்ட தமிழரின் மொழி அவனுக்கு விளங்கவில்லை. அவர்களுக்குச் சிங்களம் விளங்கவில்லை. ஒற்றோபர் 18 ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை இருவரும் அடைந்தனர். மறு ஆண்டு இங்கிலாந்து சேர்ந்த நொக்ஸ், 1681 இல் இலங்கையைப் பற்றிய தன் நூலை வெளியிட்டான்.

அந்நூலின் இறுதிப் பகுதியில் ஒரு சிறு செய்தி உண்டு. ஒல்லாந்தர் அவனை மேசையருகே நாற்காலியில் இருத்திச் சீனத் தட்டில் உணவு படைத்தனர். பத்தொன்பது ஆண்டுக்கு மேலாக நிலத்திலிருந்து இலையில் உண்டவனுக்குத் தன் இனத்தாரின் அவ்வழக்கம் புதுமையாகத் தோன்றிற்றாம்.